எழுதியவர் பெயரைக் கிழித்துவிட்டுப் படிக்கலாமா?

பிப்ரவரி 2, ஒரு வாசகர் கேட்டது

அரசியல் புத்தகம் என்று ஒன்றை எடுத்தாலே முதலில் ஆளைத்தான் அலசுகிறார்கள். எந்தக் கட்சி, யாரிடம் காசு வாங்கினார், வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்று. உள்ளே இருக்கும் வாதம் சரியா தப்பா என்று பார்த்தால் போதாதா? கணக்குப் புத்தகம் எழுதியவர் யோக்கியரா என்று யாரும் விசாரிப்பதில்லையே. என் கட்சி இதுதான்: எழுதியவர் பெயர் இருக்கும் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 2, இரவு, என் பதில்

நீங்கள் கிழிக்க வேண்டிய அவசியமே இல்லாத புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அமெரிக்க விடுதலைக்காக வாதாடிய தாமஸ் பெய்னின் 'காமன் சென்ஸ்' 1776 ஜனவரியில் பெயரில்லாமல்தான் வந்தது. ஜான் ஆடம்ஸ் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தார்கள். 1848ல் வந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையிலும் பெயர் கிடையாது. மார்க்ஸ், எங்கெல்ஸ் என்று அச்சில் வந்தது 1850ல், ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இன்னும் ஒரு படி மேல். அரசாங்கம் பற்றிய அவருடைய 'இரண்டு ஆய்வுரைகள்' 1689ல் வெளியானது. அது தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டது 1704ல், உயிலில்.

ஆக, உங்கள் பரிசோதனையை வரலாறு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே முடிவுதான். பெயர் இல்லையென்றால் வாசகர் சும்மா விடுவதில்லை, தேடிக் கண்டுபிடிக்கிறார், அல்லது ஒரு பெயரை ஒட்டுகிறார். அது வெறும் வம்பு ஆசையா, வேறு ஏதாவது தேவையா என்பதுதான் எனக்குக் கேள்வி.

பிப்ரவரி 3

கணக்குப் புத்தக உதாரணத்துக்கு மட்டும் ஒரு வரி. கணக்குப் புத்தகம் உங்களை ஓட்டுப் போடச் சொல்வதில்லை, சிறைக்குப் போகச் சொல்வதில்லை. ஒருவர் என்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்றால், அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்பேன்.

பிப்ரவரி 5

லாக்கைத் தொட்டாயிற்று, முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் படித்தபோது பாடத்தில் சொன்னபடிதான் படித்தேன். 1688ல் இங்கிலாந்தில் ஒரு மன்னர் போய் இன்னொருவர் வந்தார், அது நியாயம்தான் என்று நிறுவ லாக் எழுதினார், அடுத்த ஆண்டே அச்சேறியது. முன்னுரையும் அப்படித்தான் தோன்றும்படி இருக்கிறது. அப்படிப் படித்தால் அது ஒரு வக்கீலின் புத்தகம். காரியம் முடிந்த பிறகு சமாதானம் சொல்வது. கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது.

அப்புறம் பீட்டர் லாஸ்லெட் 1960ல் கொண்டுவந்த பதிப்பைப் பற்றிப் படித்தேன். லாக் எந்த ஆண்டில் என்ன புத்தகம் வைத்திருந்தார், எதை யாரிடம் விட்டுவிட்டுப் போனார் என்றெல்லாம் பார்த்து, இந்த நூலின் பெரும்பகுதி 1688க்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது என்று லாஸ்லெட் காட்டினார். அதாவது அந்தப் பழைய மன்னரின் அண்ணன், இரண்டாம் சார்லஸ், அரியணையில் இருக்கும்போதே எழுதப்பட்டது. வீட்டில் சிக்கியிருந்தால் தலை போயிருக்கும்.

ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் "மக்கள் எதிர்க்கலாம்" என்கிற அதே அத்தியாயம் சமாதானமாக இருந்தது போய் அழைப்பாக ஆகிவிட்டது. பெயரைக் கிழித்துவிட்டுப் படிக்கிறவருக்கு இது கிடைக்காது. லாக் தன் பெயரை 1704 வரை ஏன் மறைத்தார் என்பதும் இப்போது புரிகிறதல்லவா.

இதே லாக் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர். அவருடைய நூலின் முதல் வரியே அடிமைத்தனம் எவ்வளவு இழிவானது என்றுதான் தொடங்குகிறது. இதை வம்பு என்று ஒதுக்கினால், "மனிதர்" என்று அவர் எழுதும் இடத்தில் எல்லாம் எல்லா மனிதரும் இருக்கிறார்கள் என்று நம்பி ஏமாந்துபோவோம். அவர் அங்கே கவலைப்பட்டது சர்வாதிகார மன்னனின் கீழ் வாழும் ஆங்கிலேயரைப் பற்றி.

பிப்ரவரி 6

"அப்படியானால் ரூசோ? ஐந்து குழந்தைகளை அநாதை விடுதியில் விட்டவர் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்?" என்று கேட்கிறார் இன்னொருவர்.

எந்தப் புத்தகத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1762ல் ரூசோ இரண்டு புத்தகம் வெளியிட்டார். ஒன்று குழந்தை வளர்ப்பு பற்றிய 'எமீல்', இன்னொன்று 'சமூக ஒப்பந்தம்'. முதல் புத்தகத்துக்கு உங்கள் கேள்வி நியாயம். இரண்டாவதுக்கு அது ஒட்டவில்லை. அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது என்ற வாதத்தை அவருடைய வீட்டு நிலவரம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த விஷயத்தை 1764ல் ஊருக்குச் சொன்னவர் வால்தேர், அதுவும் பெயர் போடாத துண்டுப் பிரசுரத்தில். பெயரில்லாமல் எழுதுகிறவர்கள் எல்லோரும் லாக் மாதிரி உயிருக்குப் பயந்து எழுதுவதில்லை.

பிப்ரவரி 9

நேற்றிலிருந்து எனக்கு நானே எதிர்வாதம் செய்துகொண்டிருக்கிறேன். ஆளைத் தெரிந்துகொள்வதால் புத்தகம் செத்துப்போன கதையும் இருக்கிறதே.

மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட். எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி 1790 நவம்பர் தொடக்கத்தில் புத்தகம் போட்டார். அந்த மாதம் முடிவதற்குள் மேரியின் பதில் வந்துவிட்டது. முதல் பதிப்பில் பெயர் இல்லை, இரண்டாம் பதிப்பில் போட்டார். 1792ல் பெண்கள் உரிமை பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. மரியாதையாகவே படித்தார்கள்.

1797ல் பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். அடுத்த ஆண்டு கணவர் வில்லியம் காட்வின், அன்பின் மிகுதியில், மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். திருமணத்துக்கு முந்தைய உறவு, அதில் பிறந்த குழந்தை, தற்கொலை முயற்சி, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஆண்டே ஒரு பழைமைவாதப் பத்திரிகை தன் சொல்லடைவில் "விபசாரம்" என்ற தலைப்புக்கு நேராக "மேரி வோல்ஸ்டன்கிராஃப்டைப் பார்க்கவும்" என்று போட்டது. அவ்வளவுதான். மறுப்புக்கூட எழுதத் தேவையில்லாமல் போய்விட்டது. அவர் பெயரைச் சொல்லவே பெண்கள் உரிமை பேசியவர்கள் பல பத்தாண்டுகள் தயங்கினார்கள்.

ஆகவே முதலில் கேட்ட நண்பரின் பக்கம் இன்று கொஞ்சம் சாய்கிறேன். அவருடைய எரிச்சல் இந்த மாதிரி ஆள் அலசலைப் பற்றியதுதான் என்றால் நானும் அவர் கட்சி. ஆனால் லாக் விஷயத்தில் பார்த்தது வேறு வகை. அங்கே கேள்வி எப்போது, யாருக்கு எதிராக, எந்த ஆபத்தில் எழுதினார் என்பது. இங்கே கேள்வி அவள் எப்படிப்பட்டவள் என்பது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

பிப்ரவரி 10

தலைவர்களின் தன்வரலாறுகள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் நேரடி அனுபவம் உண்டு.

பல வருடம் முன் ஓய்வுபெற்ற அரசியல்வாதி ஒருவருக்குத் தன்வரலாறு எழுதிக் கொடுக்கும் வேலை வந்தது. கோஸ்ட் ரைட்டர் என்று சொல்லக்கூடாது, "செம்மைப்படுத்துபவர்" என்று சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் பேசப் பேசப் பதிவு செய்வேன். மனிதர் அருமையாகப் பேசுவார். சின்ன வயதுப் பசி, முதல் மறியல், முதல் லாக்கப் இரவு எல்லாம் மணிக்கணக்கில் வரும். கட்சி உடைந்த வருஷத்துக்கு வந்தால் மட்டும், "அதை விடுங்க தம்பி" என்பார். நான் வேறு பக்கமாகச் சுற்றி வருவேன். காபி வரச் சொல்வார். கடைசியில் அந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நான் எழுதிய வாக்கியம் இது: "அக்காலகட்டத்தில் பல திருப்பங்கள் நிகழ்ந்தன." என் வாழ்நாளில் எழுதியதிலேயே மோசமான வாக்கியம், அதிகம் சேதி உள்ளதும் அதுதான்.

அன்றிலிருந்து தன்வரலாறுகளில் அந்த மாதிரி வாக்கியத்தைத்தான் தேடுகிறேன். எங்கே திடீரென்று செயப்பாட்டு வினை வருகிறதோ, எங்கே "நான்" காணாமல் போகிறதோ, அங்கே யாரோ காபி வரச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

உலிசஸ் கிராண்ட் பெரிய உதாரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி, பிறகு எட்டு வருடம் ஜனாதிபதி. கூட்டாளியிடம் ஏமாந்து திவாலாகி, தொண்டைப் புற்றுநோயோடு உட்கார்ந்து எழுதினார். முடித்துச் சில நாட்களில், 1885 ஜூலை 23ல், இறந்தார். வெளியிட்டது மார்க் ட்வெய்னின் நிறுவனம். மனைவிக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்தது. ட்வெய்னே எழுதிக் கொடுத்தார் என்று வதந்தி கிளம்பியது, அது உண்மை இல்லை, நடையைப் பார்த்தாலே தெரியும். நூல் போரோடு நின்றுவிடுகிறது. ஊழல் புகார்கள் நாறிய ஜனாதிபதி காலம் அதில் கிடையாது. குடிப் பழக்கமும் கிடையாது. போர்ப் பகுதி அபாரம். விட்டுவிட்டதை விட்டுவிட்டார், எழுதியதில் அலங்காரம் இல்லை.

கென்னடி கதை வேறு மாதிரி. 'புரொஃபைல்ஸ் இன் கரேஜ்' 1956ல் வந்தது, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. உதவியாளர் டெட் சோரன்சன்தான் எழுதினார் என்று 1957 டிசம்பரில் ஒரு பத்திரிகையாளர் தொலைக்காட்சியில் சொல்ல, வழக்கு மிரட்டல் வந்து தொலைக்காட்சி நிறுவனம் பின்வாங்கியது. 2008ல் சோரன்சனே தன் நினைவுக் குறிப்பில், பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வரைவு தான் எழுதியது என்று சொல்லிவிட்டார். தலைப்பு துணிச்சலைப் பற்றியது என்பதை நான் சுட்டிக்காட்டப் போவதில்லை. சுட்டிக்காட்டிவிட்டேன்.

பிப்ரவரி 11

"பரிசைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்" என்கிறார் ஒருவர். கேட்டால் சர்ச்சிலிடமும் கேட்க வேண்டும். ஆறு தொகுதி இரண்டாம் உலகப் போர் நூலுக்கு அவர் பின்னால் ஒரு குழுவே வேலை செய்தது. 1953ல் இலக்கிய நோபல் அவருக்கு. ஆனால் அந்தக் குழு எழுதித் தந்ததை அவர் உடைத்துத் தன் குரலில் ஏற்றினார், அது பக்கத்துக்குப் பக்கம் கேட்கும்.

பிப்ரவரி 12

மௌலானா ஆசாத்தை விட்டுவிட்டேனே. 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' அவர் உருதுவில் பேசப் பேச, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது. இதை யாரும் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே இருக்கிறது. 1958 பிப்ரவரியில் ஆசாத் இறந்தார், அடுத்த ஆண்டு நூல் வந்தது, ஆனால் 30 பக்கம் குறைத்து. அந்தப் பக்கங்கள் கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் முத்திரையிட்டு வைக்கப்பட்டன. முப்பது ஆண்டு கழித்து 1988ல் திறந்தார்கள்.

திறப்பதற்கு முன் என்னென்னவோ எதிர்பார்த்தார்கள். வந்தது என்ன? நேரு உட்பட சகாக்களைப் பற்றிய கூடுதல் காரம். பிரிவினை பற்றிய அவருடைய அடிப்படை நிலைப்பாடு முன்பே அச்சில் இருந்ததுதான். எனக்கு இதில் பிடித்தது வேறு. எங்கே வெட்டினோம் என்று சொல்லிவிட்டு வெட்டிய ஒரே அரசியல் தன்வரலாறு நான் பார்த்தவரை இதுதான். "அதை விடுங்க தம்பி" என்ற எங்கள் ஐயாவின் இரண்டு வருடத்தை எந்த நூலகத்திலும் முத்திரையிட்டு வைக்கவில்லை.

பிப்ரவரி 14

புனைபெயர் பற்றிப் பேசாமல் போனால் எப்படி.

1937 நவம்பர் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் "ராஷ்டிரபதி" என்று ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் சாணக்கியா. காங்கிரஸ் தலைவர் ஜவாஹர்லாலிடம் ஒரு சர்வாதிகாரிக்கு வேண்டிய சரக்கெல்லாம் இருக்கிறது, கர்வம் இருக்கிறது, கூட்டம் அவரைக் கெடுக்கிறது, மூன்றாம் முறை தலைவராக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது. எழுதியது நேருவே.

1926ல் பாரிஸ்டர் சாவர்க்கரின் வாழ்க்கை வரலாறு ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் சித்திரகுப்தா. நாயகனைப் பற்றிப் புகழ்ச்சி வஞ்சனையில்லாமல் இருக்கும். 1987ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரை, சித்திரகுப்தா வேறு யாருமில்லை, சாவர்க்கரேதான் என்று சொன்னது.

இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்து மதிப்பெண் போடச் சிலர் தயாராக இருப்பார்கள். நேரு ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: தன்னைத் தானே திட்டிக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அந்தக் கட்டுரையை நிதானமாகப் படித்தால் அதிலும் கண்ணாடி பார்த்துக்கொள்ளும் ஓர் ஆள் தெரிவார். என்றாலும் எனக்கு அது பிடிக்கும்.

சாவர்க்கர் பக்கத்துக்கும் ஒன்று. 1926ல் அவர் ரத்னகிரியில் கட்டுக்காவலில் இருந்தார், அரசியலில் ஈடுபடத் தடை. சொந்தப் பெயரில் எழுத முடியாத நிலை உண்மை. அந்த நிலையில் எதை எழுதினார் என்பதுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 15

சாணக்கியர் என்றதும் "அர்த்தசாஸ்திரத்தை எழுதியவரே அவர்தானா?" என்று வந்துவிட்டது. வரும் என்று தெரியும்.

முதலில் அமெரிக்கக் கதை. 1787-88ல் புதிய அரசியல் சட்டத்தை ஆதரித்து 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் 85 வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பப்ளியஸ். உள்ளே மூன்று பேர்: ஹாமில்டன், மேடிசன், ஜே. 1804ல் துப்பாக்கிச் சண்டையில் சாவதற்கு முன் ஹாமில்டன் யார் எதை எழுதினோம் என்று ஒரு பட்டியல் விட்டுப்போனார். பிற்பாடு மேடிசன் தந்த பட்டியல் வேறு. பன்னிரண்டு கட்டுரைகளை இருவரும் தமது என்றார்கள். இதற்குள் இரண்டு பேரும் எதிரெதிர் கட்சி. சட்டத்துக்கு அர்த்தம் சொல்ல இந்தக் கட்டுரைகளைத்தான் புரட்டுகிறார்கள், ஆகவே யார் எழுதியது என்பது சும்மா பெருமைச் சண்டை இல்லை.

கருத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. 1964ல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள், கருத்தையே தொடாமல், இடைச்சொற்கள் மாதிரி சின்னச் சின்னச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினார்கள். எழுதுகிறவர் கவனிக்காமல் போடும் சொற்கள் அவை. பன்னிரண்டும் மேடிசன் பக்கம் சாய்ந்தன.

அர்த்தசாஸ்திரத்துக்கும் இதே மருந்துதான். அந்த ஓலைச்சுவடி மைசூர் நூலகத்துக்கு வந்து 1905ல் ஷாமசாஸ்திரி கண்ணில் பட்டது, 1909ல் அச்சானது. 1971ல் தாமஸ் ட்ராட்மன் இதே மாதிரி எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு கை எழுதியதாகத் தெரியவில்லை, பல கைகள் என்றார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு அது நூலின் மதிப்பைக் கூட்டுகிறது. ஒரு மேதாவி மந்திரியின் தந்திரம் என்று படிப்பதைவிட, பல தலைமுறை நிர்வாகிகளின் சேர்த்துவைத்த அறிவு என்று படித்தால்தான் அதில் வரும் எடைக் கற்கள், சுங்கம், யானைக் காடு எல்லாம் பொருந்துகின்றன.

பிப்ரவரி 19

சிறை நூல்கள். இந்தத் தலைப்பில் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், ஆகவே கொஞ்சம்தான்.

அகமத்நகர் கோட்டையில் 1944 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் நேரு 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' எழுதினார். அதே கோட்டையில் ஆசாத்தும் இருந்தார், 'குபாரே காதிர்' என்ற கடித நூலை எழுதிக்கொண்டு. ஒருவர் ஐயாயிரம் ஆண்டு வரலாறு எழுதுகிறார், இன்னொருவர் தேநீரைப் பற்றியும் சிட்டுக்குருவிகளைப் பற்றியும் எழுதுகிறார். நான் இரண்டாவதைத்தான் அடிக்கடி எடுக்கிறேன்.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கிராம்ஷி 1926 நவம்பரில் கைது, 1929ல் எழுதத் தொடங்கினார், 33 நோட்டுப் புத்தகங்கள், 1937ல் மரணம். சிறை அதிகாரிகள் படிப்பார்கள் என்பதால் மார்க்சின் பெயரைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார். அவரைப் புரியவில்லை என்று நொந்துகொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், அவருடைய முதல் வாசகர் தணிக்கை அதிகாரி. நோட்டுகள் பிழைத்தது மனைவியின் சகோதரி தாத்யானாவால்.

மண்டேலாவின் கையெழுத்துப் பிரதியை ராபன் தீவில் தோட்டத்தில் புதைத்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது ஒரு பகுதி அகப்பட்டு, படிக்கும் உரிமை பறிபோனது. அதற்குள் நுண்ணிய எழுத்தில் ஒரு பிரதி வெளியே போய்விட்டிருந்தது. சீனாவின் ஷாவ் சியாங் வீட்டுக் காவலில் ஏறக்குறைய 30 கேசட்டில் பேசி வைத்தார், குழந்தைப் பாட்டும் ஓபராவும் பதிந்த பழைய கேசட்டுகளின் மேல். 2005ல் இறந்தார், 2009ல் புத்தகம். கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர் கடைசியில் பாட்டுக் கேசட்டில் ஒளிந்து பேச வேண்டியிருந்தது என்பதே ஒரு அத்தியாயம்.

பிப்ரவரி 20

"சிறையில் எழுதியதில் பொய் இருக்காது" என்கிறார் ஒருவர், உருக்கமாக. ஐயா, ஹிட்லர் 'மெய்ன் காம்ப்' எழுதத் தொடங்கியதும் 1924ல் லாண்ட்ஸ்பெர்க் சிறையில்தான்.

பிப்ரவரி 24

முன்னுரைகளை நான் கடைசியில்தான் படிப்பேன். காரணம், காலனியாட்சியை எதிர்த்து எழுதிய ஃபனான்.

 அவருடைய நூலின் தலைப்பைத் தமிழில் 'மண்ணில் சபிக்கப்பட்டவர்கள்' என்று சொல்லலாம். ஃபனான் நூலைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள், அப்போது அவருக்கு லுகேமியா. 1961ல் நூல் வந்தது, அந்த டிசம்பரிலேயே 36 வயதில் இறந்தார். முன்னுரை எழுதியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். நான் முதலில் முன்னுரையைப் படித்துவிட்டு உள்ளே போனேன், ஆகவே வன்முறையைக் கொண்டாடும் புத்தகம் என்ற முடிவோடேயே போனேன். கடைசி அத்தியாயத்தை ஏனோதானோ என்று புரட்டினேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? நோயாளிகள். ஃபனான் அல்ஜீரியாவில் மனநல மருத்துவர். சித்திரவதைக்கு ஆளானவரும் வருகிறார், சித்திரவதை செய்யும் போலீஸ்காரரும் வருகிறார், அவருக்கும் தூக்கம் இல்லை. குண்டு வைத்த போராளியும் தூங்க முடியாமல் வருகிறார். வன்முறை விடுதலை தரும் என்று முதல் அத்தியாயத்தில் சொன்னவர் அதற்கான மருத்துவச் செலவையும் அதே புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டார். சார்த்தர் முன்னுரையில் இருக்கும் சூடு பாரிசில் உட்கார்ந்து எழுதியவரின் சூடு.

1967 போரில் சார்த்தர் இஸ்ரேல் பக்கம் நின்றதால் ஃபனானின் மனைவி ஜோசி அந்த முன்னுரையை நீக்கச் சொன்னார். காரணம் வேறாக இருந்தாலும் நூலுக்கு நல்லது நடந்தது.

பிப்ரவரி 27

எழுதியவரைப் பற்றியே பேசுகிறோம், பதிப்பாளரை மறந்துவிடுகிறோம். 'விலங்குப் பண்ணை'யை 1944ல் ஆர்வெல் எடுத்துக்கொண்டு அலைந்தார். சோவியத் ரஷ்யா அப்போது கூட்டாளி நாடு. ஒரு பதிப்பகம் சரி என்று சொல்லிவிட்டு, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவர் வேண்டாம் என்றதும் பின்வாங்கியது. அந்த அதிகாரி பீட்டர் ஸ்மாலெட் சோவியத் உளவாளி என்று பிற்காலத்தில் தெரிந்தது. இன்னொரு பதிப்பகத்துக்காகப் படித்து மறுத்தவர் டி.எஸ். எலியட். பன்றிகள்தான் புத்திசாலிகள், பண்ணையை அவை நடத்துவதே நியாயம், கூடுதல் பொதுநலம் உள்ள பன்றிகள் இருந்தால் போதும் என்கிற மாதிரி எழுதினார். கவிஞர்களிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

நூல் 1945 ஆகஸ்டில் வந்தது. தடை எதுவும் இல்லாமலேயே பதிப்பாளர்கள் தாங்களே வாயைப் பொத்திக்கொள்வதைப் பற்றி ஆர்வெல் அதற்கு எழுதிய முன்னுரை, நூலில் வராமல் போய் 1972ல்தான் அச்சைப் பார்த்தது.

இதே ஆர்வெல் 1949ல், சாகும் தறுவாயில், கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள் என்று தான் சந்தேகித்த 38 பேர் பட்டியலை பிரிட்டிஷ் அரசின் பிரசாரப் பிரிவில் வேலை பார்த்த ஒரு தோழிக்குக் கொடுத்தார். முழுப் பட்டியல் வெளியானது 2003ல். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. "பிரசாரத்துக்கு எழுத வைக்கக்கூடாதவர்கள்" என்பதற்கான பட்டியல்தான், கைது செய்ய அல்ல என்று ஆதரவாளர்கள் சொல்வது உண்மை. அதனால் உறுத்தல் குறையவில்லை. இதற்காக '1984'ஐக் கீழே வைக்க மாட்டேன், ஆனால் அதில் பட்டியல் போடுகிறவர்கள் வரும் இடங்களை முன்பு போல் எட்டி நின்று படிக்க முடியவில்லை.

மார்ச் 1

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "இவ்வளவு சொன்னீர்கள். எழுதியவரைப் பற்றித் தெரியாவிட்டால் புரியவே புரியாது என்று ஒரு நூலைக் காட்டுங்கள் பார்ப்போம்."

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. இது மேடையில் பேசப்படாத உரை. 1936ல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல், அதாவது சாதியை ஒழிக்க விரும்பிய உயர்சாதி இந்துக்களின் அமைப்பு, அவரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தார்கள். சாஸ்திரங்களின் அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்று அதில் இருந்தது, இந்துவாகத் தான் பேசும் கடைசிப் பேச்சு இது என்றும் இருந்தது. மாற்றச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே நடக்கவில்லை. அவர் தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார், இரண்டே மாதத்தில் தீர்ந்தது.

இதைத் தெரியாமல் படித்தால் அதில் வரும் "நீங்கள்" யார் என்று நாமே ஊகிக்க வேண்டும். பழைமைவாதிகளை நோக்கிய கோபம் என்று தோன்றும். உண்மையில் அவர் பேசுவது நல்லெண்ணம் கொண்ட சீர்திருத்தக்காரர்களிடம், கலப்பு விருந்தும் கலப்புத் திருமணமும் போதும் என்று நினைத்தவர்களிடம். அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதியது. அவர்கள் கேட்க மறுத்தார்கள். வாதத்தின் கடுமை எதிரியிடம் காட்டும் கடுமை இல்லை, பாதி வழி வந்து நின்றுவிட்டவரிடம் காட்டும் பொறுமையின்மை.

இங்கே அம்பேத்கர் நல்லவரா கெட்டவரா என்பது எங்கேயாவது வந்ததா? வரவில்லை.

மார்ச் 3

மாக்கியவெல்லியை யாரும் கேட்கவில்லை என்பது ஆச்சரியம், நானே சொல்லிவிடுகிறேன். 'இளவரசன்' நூலின் "நீ" யார்?

பதினான்கு வருடம் பிளாரன்ஸ் குடியரசில் வேலை பார்த்தவர். 1512ல் அந்நகரை முன்பு ஆண்ட மெதிச்சி குடும்பம் திரும்ப வந்ததும் வேலை போனது. அடுத்த ஆண்டு சதிக் குற்றச்சாட்டில் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மெதிச்சி ஒருவர் போப் ஆனதால் வந்த பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அந்த 1513லேயே, கிராமத்து வீட்டில் உட்கார்ந்து எழுதியது இந்த நூல். அர்ப்பணம் யாருக்கு? மெதிச்சிக்கு. தொங்கவிட்டவர்களிடமே வேலை கேட்டு விண்ணப்பம். வேலை கிடைக்கவில்லை. அவர் 1527ல் இறந்தார், நூல் 1532ல் அச்சேறியது.

ரூசோ 'சமூக ஒப்பந்தம்' நூலில் இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்: மன்னர்களுக்குக் கற்றுத் தருவதாகப் பாவனை செய்து மக்களுக்குப் பாடம் எடுத்தார், இது குடியரசுவாதிகளின் புத்தகம் என்று. அழகான விளக்கம், எனக்கு நம்பிக்கை இல்லை. மாக்கியவெல்லிக்கு உண்மையிலேயே வேலை வேண்டியிருந்தது, 1513 டிசம்பரில் நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். ஆனால் குடியரசைப் புகழ்ந்து லிவியின் வரலாற்றின் மேல் அவர் எழுதிய பெரிய நூலும் பொய் இல்லை. ஒரே ஆள் இரண்டையும் மனதார எழுதியிருக்கலாம் என்பதை ஏற்க நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

மார்ச் 4

எந்தப் பதிப்பு வாங்குவது என்று கேட்டவருக்கு. ஆசாத் என்றால் 1988க்குப் பின் வந்த முழுப் பதிப்பு. 'சாதி ஒழிப்பு' என்றால் காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதிய விமர்சனமும் அதற்கு அம்பேத்கர் சொன்ன பதிலும் சேர்ந்தது, 1937 இரண்டாம் பதிப்பிலிருந்தே அவை உண்டு. லாக் என்றால் லாஸ்லெட் பதிப்பு, அதன் முன்னுரை நீளம், பாதியில் விட்டாலும் பரவாயில்லை. ஃபனான் எதுவானாலும் சரி, பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அந்த ஐயாவின் தன்வரலாறு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், பெயர் சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.